உப்புக் காற்றும் வெற்றுத் தகடும்

போர்ட் கொச்சியில் பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முற்படுவோர், வர்ணத்தைச் சுரண்டிய மறுநாளே தகட்டில் செம்பழுப்புப் படலத்தைக் காண நேரிடும். மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். அங்ஙனமாயின், மழை படாத கொட்டகையினுள்ளும் துரு ஏறுவது ஏன்? கடற்காற்று கொணரும் உப்பே காரணம். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டினால் சமையல் உப்பு நீரை உறிஞ்சிக் கரைகிறது. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே, உலர்ந்ததாகத் தோன்றும் தகடும் உண்மையில் ஈரமாகவே இருக்கலாம்.

எனவே முதலில் தகட்டை நன்னீரால் கழுவி, தாமதமின்றி உலர்த்த வேண்டும். கை வியர்வையிலும் உப்பு உண்டு, கையுறையின்றித் தொடலாகாது. எஞ்சிய துருவை நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். இத்தகைய படலத்தால் இரும்பைக் காக்கும் முறைக்கு 1906இல் இங்கிலாந்தில் காஸ்லெட் என்பார் காப்புரிமை பெற்றார். சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி இரும்புத் தூணைக் காப்பதும் பாஸ்பேட் படலமே. ஆனால் தில்லியின் வறண்ட காற்று வேறு, கொச்சியின் காற்று வேறு. இங்கு அப்படலம் மட்டும் போதாது; அமில எச்சத்தைக் கழுவி உலர்த்தியபின், அன்று மாலைக்குள் எபாக்சி அடிப்பூச்சு ஏற வேண்டும். சாதாரண அடிப்பூச்சுகள் பல ஈரத்தை உட்புக விடுவன. அவற்றை மட்டும் பூசி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது பெரும்பிழை.

முழு வண்டியையும் ஒரே நாளில் சுரண்டிவிடும் ஆவலும் ஆகாது. ஒரு கதவைச் சுரண்டிப் பூசி முடித்த பின்னரே மறு கதவைத் தொடுக.