ஒட்டவைத்த முகம்

ஒரு சிறுவன் மாங்கொட்டையை மண்ணில் புதைக்கிறான். முளைத்துவிட்டதா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிறான். நம்பிக்கை வைத்துக் காத்திருக்க வேண்டும் என்று தாய் புத்தி சொல்லுகிறாள். 2022 நவம்பர் 4-ந் தேதி வெளிவந்த ‘லவ் டுடே’ என்னும் தமிழ்ப் படம் இப்படித்தான் ஆரம்பமாகிறது.

ஸ்ரீ பிரதீப் ரங்கநாதன் தாமே கதை எழுதி, டைரக்ட் செய்து, கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார். பெண்ணின் தகப்பனாராக ஸ்ரீ சத்யராஜ் வருகிறார். கலியாணத்துக்குச் சம்மதம் கேட்க வந்த பிள்ளையிடம், “ஒரு நாள் இருவரும் கைப்பேசியை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்” என்ற கருத்தில் ஒரு நிபந்தனை போடுகிறார். அப்புறம் நடப்பதெல்லாம் ஒரே அமர்க்களம். சிரிப்பு நிறைய உண்டு. சில இடங்களில் அளவுக்கு மிஞ்சியே உண்டு. மற்றப் பெண்களோடு கதாநாயகன் நடத்திய கடிதப் போக்குவரத்தைப் படம் சற்றுச் சுலபமாக மன்னித்துவிடுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

பிற்பகுதியில்தான் சிரிப்பு அடங்குகிறது. கதாநாயகி நிகிதாவின் (குமாரி இவானா) முகத்தை வேறொருத்தியின் உடலில் பொருத்திய ஆபாசக் காட்சி ஒன்று ஊரெல்லாம் பரவுகிறது. ‘டீப் ஃபேக்’ என்று இந்த வித்தைக்குப் பெயர். அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் அந்த வீடே இடிந்து போய் உட்கார்ந்துவிடுகிறது. காதலன் அவளை நம்புகிறான். மாங்கொட்டைக் கதையின் தாத்பரியம் அப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

கைப்பேசியை மட்டும் சபித்து என்ன பிரயோஜனம்? நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியில் 2023 ஜூலை மாதம், என்.எல்.சி. சுரங்க வேலைக்காகக் கால்வாய் வெட்டுவதற்கு, விளைந்து நின்ற நெற்பயிரின் மீது மண்வாரி யந்திரங்கள் ஏறின. அந்தக் கோரத்தைத் தேசமெங்கும் கொண்டு சென்றவை இந்தக் கைப்பேசித் திரைகள்தாமே! கண்ணால் கண்டதை ஜனங்கள் நம்பினார்கள், நம்பியது சரியே. உண்மைப் படத்துக்கு மக்கள் கொடுக்கும் இந்த மதிப்பைத்தான் பொய்ப் படம் களவாடிக்கொள்கிறது.

பழி பரப்பும் தொழில் நமக்குப் புதிதன்று. 1940-களில் சென்னையில் லக்ஷ்மிகாந்தன் நடத்திய ‘இந்து நேசன்’ பத்திரிகையை, முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் படித்த பெரிய மனிதர்கள் அநேகர். அதற்காவது கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியிருந்தது. இப்பொழுது அந்தச் செலவும் கிடையாது.

சினிமாவில் பழி நீங்கிவிடுகிறது. வெளியுலகில் அப்படியில்லை. 2016 ஜூன் மாதம் சேலம் ஜில்லாவில் ஓர் இளம் பெண்ணின் முகத்தை இப்படியே ஒட்டவைத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். குடும்பத்தார் போலீஸில் புகார் கொடுத்தார்கள். விசாரணை நகரவில்லை; படம் இன்னும் பரவியது. அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்ற வேதனை அவள் எழுதி வைத்த கடிதத்தில் இருந்தது. பிற்பாடு ஓர் இளைஞன் கைதானான். ஜில்லா போலீஸ் சூப்பரின்டெண்டு மன்னிப்புக் கேட்டார். யாரிடம் கேட்டு என்ன!

சட்டம் இல்லாமலில்லை. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஏ பிரிவின்படி, பாலியல் காட்சிகளை மின்னணு வழியில் பரப்புகிறவருக்கு முதல் தடவையிலேயே 5 வருஷம் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். செய்தவன் மட்டுமன்று, வாங்கிப் பிறருக்கு அனுப்புகிறவனும் பரப்புகிறவன்தான். மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய இத்தகைய காட்சிகளைக் குறித்துப் பெயரைத் தெரிவிக்காமலே புகார் செய்யலாம்.

‘லவ் டுடே’ அந்தப் பக்கமே போகவில்லை. நிகிதாவின் காட்சியைப் பார்த்து ரஸித்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனவர்களின் முகம் ஒன்றையும் அதில் காணோம்.