2008: மார்ச் 8-உம் ஜூலை 7-உம்

நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மார்ச் 8-இலேயே நின்றுவிடுவர். அதில் வியப்பில்லை. அன்று நடந்த 12-ஆவது பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் 140-ஐ மட்டுமே வென்று, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் வென்றன. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராஃப் பேரணியின் எதிரொலி வாக்குப் பெட்டியில் கேட்டது என்றால் மிகையாகாது. சுங்கை சிப்புட்டில் டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலு தோற்றார். தடுப்புக் காவலில் இருந்தபடியே எம். மனோகரன் சிலாங்கூரின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார்.

மலாக்காவில் அந்த அலை பெரிதாக வீசவில்லை. 28 சட்டமன்றத் தொகுதிகளில் 23 தேசிய முன்னணியிடமே இருந்தன. ஜூன் மாதம் பெட்ரோல் விலை 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஏறியதுதான் இங்கு வீட்டுக்கு வீடு பேச்சு.

மலாக்காத் தமிழர் நினைவில் கொள்ள வேண்டிய நாள் ஜூலை 7. கனடாவின் கியூபெக் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த எல்லைக்குள் ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் அடங்கும். டச்சுக்காரர் காலத்தில், 1781-இல், மலாக்கா செட்டிகள் எழுப்பிய கோயில் அது. அதே தெருவில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் இருக்கிறது. செட்டிகள் இன்று வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது விநாயகரை. தமிழ் பேசும் நாம் அவர்களை அந்நியராகவே பார்த்துப் பழகிவிட்டோம் என்பது என் வருத்தம்.

பட்டியலில் இடம் பெற்ற பகுதியின் பழங்கட்டடத்தை அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாது. ஆனால் அந்தக் கோடு நகரத்தோடு முடிகிறது. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது இதே மலாக்காவில்தான்: 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்ற சீனர் நட்டார். பின்னர் மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் காட்டை அழித்து, பால் மரம் வெட்டிய தமிழர்களின் லயங்களும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. தோட்டம் கைமாறினால் லயம் தரைமட்டமாகும். கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு நடையாய் நடக்க வேண்டும்.

தெபோங், காடேக் எனப் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்னும் சொல் இன்னும் இருக்கிறது. பால் மரம் வெட்டியவர்களோ தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்து பல காலமாகிறது.