அகார சாதகம்

அகார சாதகம் என்பது கருநாடக இசையில் சாரீரத்தைப் பதப்படுத்தச் செய்யும் குரற்பயிற்சி ஆகும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, வர்ணம் ஆகியவற்றை சுரப்பெயர் சொல்லாமல் 'ஆ' என்ற ஒலியிலேயே பாடுவதால் இப்பெயர் பெற்றது. மேலே போனாலும் கீழே வந்தாலும் குரல் கனம் குறையாமல் ஒலிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

சுருதி

பயிற்சிக்கு முன் சுருதியை முடிவு செய்ய வேண்டும். இன்று ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டையிலும், பெண்கள் 4½ முதல் 6 கட்டையிலும் பாடுகின்றனர். மந்தர பஞ்சமம் வெறும் காற்றாகிவிடாமலும், மேல் பஞ்சமம் கத்தலாகிவிடாமலும் எந்தச் சுருதியில் வருகிறதோ, அதுவே ஒருவருக்கு உரியது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியிருந்ததால் ஆண்களும் உச்ச சுருதியில் பாடினர். அது வந்தபின் சுருதி இறங்கியது.

நங்கநல்லூர், மயிலாப்பூர் போன்ற பகுதிகளின் வீட்டு வகுப்புகளில் பல மாணவர் ஒரே சுருதிப்பெட்டிக்குப் பாடுவது வழக்கம். ஆசிரியரின் சுருதி எல்லோருக்கும் பொருந்தாது. எட்டாத குழந்தை தொண்டையை இறுக்கியோ கள்ளக்குரலிலோ சமாளிக்கும். அந்தப் பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது கடினம். மகரக்கட்டு உடையும் வயதுச் சிறுவர்களுக்குச் சுருதியை இறக்கிக் கொடுக்காவிட்டால் பாட்டையே விட்டுவிடுவதும் உண்டு.

தாழ்ந்த சுருதியும் நிறைவாக ஒலிக்கும் என்பதற்கு எம். டி. இராமநாதன் (1923–1984) சான்று. டைகர் வரதாச்சாரியாரின் சீடரான இவர் சென்னை கலாசேத்திராவில் ஆசிரியராக இருந்தார். வழக்கத்தைவிட மிகத் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலத்தில், நீண்ட கார்வைகளோடு பாடியவர். இதை எல்லோரும் ரசித்ததில்லை. ஆனால் அவரைப் போலப் பாட நினைத்துக் குரலைச் செயற்கையாகத் தடிப்பாக்குவதும் தவறுதான்.

பயிற்சி முறை

காலையில் தம்புராவுடன் மத்திய ஷட்ஜத்தில் தொடங்கி, மூச்சு உள்ளவரை ஒரே சீராக நிற்க வேண்டும். மூச்சு எடுக்கும்போது வயிறு விரியவேண்டும், தோள் உயரக்கூடாது. பிறகு ஒவ்வொரு சுரமாக மந்தர பஞ்சமம் வரை இறங்கி, ஒவ்வொன்றிலும் நிற்கலாம். மேல் ஸ்தாயி கடைசியில்தான்.

'ஆ' ஒலியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சுரத்தின் உயரத்தைக் குரல்நாண்கள் தருகின்றன. அதன் நிறத்தைத் தொண்டை, வாய் ஆகியவற்றின் வெளி தருகிறது. 'ஈ' சொன்னால் நாக்கு மேலெழும், 'ஊ' சொன்னால் உதடு குவியும். 'ஆ'வில் நாக்கு தாழ்ந்து வாய் திறந்திருப்பதால் ஒலி தடையின்றி வரும். மூக்கில் ஏறினாலும் தொண்டையில் சிக்கினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நாளுக்கு அரை மணி நேரம் போதும். வலி, கரகரப்பு வந்தால் அன்று நிறுத்திவிட வேண்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டுவது அவசியம்.