கடைசிப் படியில் யார் கைகொடுப்பது?

கால்பந்து கிளப்புகளின் இளம் வீரர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்பது பயிற்சிக்கூடத்திலிருந்து முதல் அணிக்கு ஏறும் கடைசிப் படியில்தான். பார்சிலோனாவின் புஸ்கெட்ஸும் பெத்ரோவும் 2007-08 பருவத்தில் கிளப்பின் இரண்டாம் அணிக்காக நான்காம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியளித்த குவார்டியோலா 2008-இல் முதல் அணிக்குப் பொறுப்பேற்றதும் இருவரையும் மேலே ஏற்றினார். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்காக இருவரும் தொடக்கத்திலிருந்தே களத்தில் இருந்தார்கள்.

அபூர்வத் திறமை வாய்த்த அதிர்ஷ்டம் இது என்று சிலர் சொல்லக்கூடும். திறமை முந்தைய ஆண்டும் அவர்களிடம் இருந்தது. அதை அறிந்தவர் கையில் தேர்வு அதிகாரம் வந்ததுதான் புதிது. அனுபவமில்லாதவர்களை இறக்கினால் புள்ளிகள் போகும் என்ற பயமும் நியாயமானதே. புஸ்கெட்ஸின் முதல் லீக் ஆட்டம் 1-1 என்று சமனில்தான் முடிந்தது. ஆனாலும் நிர்வாகம் பொறுத்தது. குவார்டியோலாவின் அந்த முதல் பருவத்தின் முடிவில் லீக், ஸ்பெயின் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் பார்சிலோனா வென்றது.