எம்டனும் முட்டைக்கோசும்

"அவன் பெரிய எம்டன், ஐயா!" என்று சொல்வது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். பொல்லாத கெட்டிக்காரனுக்கும் அந்தப் பெயர்தான். வீட்டை ஆட்டிவைக்கும் தகப்பனாருக்கும் அதுதான். அது ஒரு யுத்தக் கப்பலின் பெயர் என்பது சொல்பவர்களில் பலருக்குத் தெரியாது.

முதல் உலக யுத்தம் மூண்ட 1914-ம் வருஷம், செப்டம்பர் 22-ந் தேதி இரவு. ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிக் குண்டு வீசிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் மாண்டனர். ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஊரை விட்டு ஓடினர். நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவுகளின் அருகே, ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை நொறுக்கிவிட்டது.

கப்பல் போயிற்று, பெயர் தங்கிவிட்டது. அந்தப் பெயரில் பயம் உண்டு, மலைப்பும் உண்டு; துவேஷம் இல்லை. ஜனங்களைக் கேளாமல் ஆட்சியாளர் இறங்கிய யுத்தமல்லவா அது? அந்த ஆட்சியின் வாசலுக்கே வந்து அடித்துவிட்டுப் போனவனை ஊர் வாய் பிளந்து பார்த்தது.

அதே யுத்தம் அமெரிக்காவில் வேறு விதமாகப் பேசிற்று. புளிக்கவைத்த முட்டைக்கோசுக்கு வழங்கிய ஜெர்மன் பெயரைத் தள்ளி, 'சுதந்திர முட்டைக்கோசு' என்றார்கள்! இங்கிலாந்தின் அரச குடும்பமே 1917-ல் தன் ஜெர்மானியப் பெயரைக் களைந்து 'விண்ட்ஸர்' ஆயிற்று. கோசு என்ன பாவம் செய்தது? மாமியார் மேலுள்ள கோபம் பாத்திரத்தின் மேல் பாய்ந்த கதைதான்.

கோபம் பெயரை மாற்றுவது போலவே, மறைக்கும் எண்ணமும் மாற்றும். 1950-ல் கொரியாவுக்கு அமெரிக்கப் படை சென்றபோது, இதைப் 'போலீஸ் நடவடிக்கை' எனலாமா என்று நிருபர் ஒருவர் கேட்டார். ஜனாதிபதி ட்ரூமன் ஆமென்றார். 1953-ல் சண்டை ஓய்வதற்குள் 36,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டனர். மாண்ட கொரியர்களோ லட்சக்கணக்கில். 2022-ல் ரஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியபோது, அது வெறும் 'விசேஷ ராணுவ நடவடிக்கை' என்றது அந்த நாட்டு சர்க்கார்.

யுத்தச் செய்தியில் புதிய சொல் ஒன்று கண்ணில் பட்டால் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். மகனைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் தாயின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல முடியுமா? நா எழாவிட்டால், அந்தச் சொல் எதையோ மூடி மறைக்கிறது என்று அறியலாம்.