மலக்கழிவும் பசளையாகும், பதப்படுத்தினால்

இடம்பெயர்ந்து இரவல் காணியிற் பயிர்செய்யும் குடும்பங்களுக்குப் பசளை பெருங் கவலை. மாடுகளை விட்டுவந்தவர்களுக்கு எருவும் இல்லை. இரசாயனப் பசளையை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை, 2021 மே மாதம் அதன் இறக்குமதி தடுக்கப்பட்டு நவம்பரில் தடை நீங்கும்வரை நாடே கண்டது. அப்படியானால், மலசலகூடக் குழிகளில் அள்ளும் கழிவைத் தோட்டத்துக்கு இடலாமா?

பதப்படுத்தினால் இடலாம். பச்சையாக ஒருபோதும் இடலாகாது.

இதில் நைதரசனும் பொசுபரசும் உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் கழிவுநீர்ச் சேற்றை உலர்த்திப் பசளையாக விற்கிறது. எமது நாட்டில் பலாங்கொடை நகர சபையும் மலக்கழிவைக் குப்பையுடன் சேர்த்துக் கூட்டெருவாக்கியுள்ளது.

பச்சைக் கழிவிலுள்ள வட்டப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்காக உயிரோடு கிடக்கும். கீரையிலும் பிள்ளைகளின் நகத்திலும் ஒட்டி வயிற்றுக்குள் போகும். கழிவு காய்ந்து மணம் போனதால் முட்டை செத்துவிட்டதென எண்ண வேண்டாம்.

அவற்றைக் கொல்வன சூடும் காலமும். குப்பை, வைக்கோல், இலைகுழையுடன் குவித்தால் குவியல் தானே சூடேறும். உட்பகுதி 55 பாகை செல்சியசுக்குக் குறையாமல் 15 நாட்கள் நிற்கவேண்டும். அந்நாட்களில் 5 தடவை புரட்டினாற்றான் வெளிப்புறமும் வேகும். வெப்பமானி வைத்துச் செய்யும் இவ்வேலை சபைகளுக்கே ஏற்றது.

வீட்டில் இரட்டைக் குழி மலசலகூடம் நல்லது. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பாவிக்கலாம். எம்போன்ற வெப்ப நாடுகளில், மூடிய குழியை ஓராண்டுக்கு மேல் விடவேண்டுமென உலக சுகாதார தாபனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. குழிக்குள் வெள்ளம் இறங்கக்கூடாது.

சூட்டுக்கும் காலத்துக்கும் அடங்காத நஞ்சும் உண்டு. தொழிற்சாலைக் கழிவு கலந்த சேற்றில் ஈயம், கட்மியம் இருக்கலாம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் சேறு இட்ட பண்ணைகளின் மண்ணிலும் கிணற்றிலும் பாலிலும் அழியாத இரசாயனங்கள் காணப்பட்டன. 2022இல் அங்கு நிலத்திற் சேறு இடுவது சட்டத்தால் நிறுத்தப்பட்டது. நாம் இருப்பது பிறர் காணி. கெடுக்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

எனவே யாராவது இப்பசளையைக் கொண்டுவந்தால், வேலியோரம் இறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம்:

1. எங்கிருந்து வந்தது? தொழிற்சாலைக் கழிவு கலந்ததா?
2. எத்தனை நாள், எவ்வளவு சூட்டிற் பதப்பட்டது?
3. பரிசோதித்த அறிக்கை உண்டா?

சரியான மறுமொழி கிடைத்தால், முதலில் வாழை, தென்னைக்கு இடுவோம். கீரைக்கும் கிணற்றடிக்கும் வேண்டாம். இதிற் பொட்டாசியம் குறைவாதலால் அடுப்புச் சாம்பலும் சேர்ப்போம். வேலை முடிந்ததும் கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவோம்.