விமானக் கம்பெனி செய்த கல்லுடைக்கும் கருவி

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால், மோதிய இடத்தோடு பாதிப்பு நிற்பதில்லை. அங்கே கிளம்பும் அதிர்வலை உலோகத்துக்குள் ஓடி வேறோர் இடத்தில் சேதம் செய்கிறது. ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்துக்கு 1960களில் இது பெரிய தலைவலி. அதிவேகக் குண்டுகளை உலோகத் தகட்டின் மீது செலுத்திச் சோதித்தார்கள். 1966-ல் ஒரு சோதனையில், குண்டு மோதிய அதே கணம் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த பொறியாளருக்கு ஷாக் அடித்தது போலிருந்தது. அளந்து பார்த்தால் மின்சாரமே இல்லை. தகட்டில் பிறந்த அதிர்வலைதான் கை வழியாக அவர் உடம்புக்குள் போயிருந்தது.

உடம்புக்குள் இப்படிப் போகும் அலையை ஓரிடத்தில் குவிக்க முடியுமானால் என்ன செய்யலாம்? இந்தக் கேள்வியோடு டோர்னியரின் பொறியாளர்களும் மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர்களும் கைகோத்தார்கள். 1980 பிப்ரவரி 7 அன்று கிறிஸ்டியன் ஷோசி உள்ளிட்ட மருத்துவர்கள், கத்தி வைக்காமல் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். அந்தக் கருவிதான் லித்தோட்ரிப்டர். 1984 டிசம்பரில் அமெரிக்காவும் அதற்கு அனுமதி கொடுத்தது. அதுவரை பெரிய கல் என்றால் விலாவை ஒட்டி நீளமாகக் கிழிப்பதுதான் பெரும்பாலும் வழி.

முதலில் பரவலான ‘எச்.எம்.3’ என்ற மாடல் பார்ப்பதற்கு மருத்துவக் கருவி போலவே இருக்காது. வெதுவெதுப்பான நீர் நிரம்பிய பெரிய எஃகுத் தொட்டி. மயக்க மருந்து கொடுத்த நோயாளியை ஒரு நாற்காலியில் கட்டி, பாரந்தூக்கி மூலம் அதற்குள் இறக்குவார்கள். தொட்டியின் அடியில் நீள்வட்ட வடிவ உலோகக் கிண்ணம். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒன்றில் கிளம்பும் அலை சுவரில் பட்டுத் திரும்பி மற்றொன்றில் வந்து கூடும். முதல் குவியத்தில், தண்ணீருக்குள், கார் எஞ்சினில் இருப்பது போன்ற ஒரு ஸ்பார்க் பிளக். இரண்டாவது குவியத்தில் கல் வந்து நிற்கும்படி, இரண்டு கோணங்களில் எக்ஸ்-ரே பார்த்து நோயாளியை நகர்த்துவார்கள். சுமார் 20,000 வோல்ட்டில் பொறி வெடிக்கும்போது துப்பாக்கி வெடித்தது போல் சத்தம் கேட்கும். இதயத் துடிப்பு தடம் புரளாதிருக்க, இ.சி.ஜி.யைப் பார்த்து உரிய தருணத்தில் மட்டுமே பொறி வெடிக்கும்படி அமைத்திருந்தார்கள்.

தண்ணீர் எதற்கு? நம் சதையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், தண்ணீரில் வரும் அலை தோலைக் கடக்கும்போது பெரிதாகத் தடைபடுவதில்லை. நடுவில் காற்று இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும். நுரையீரலில் நிறைந்திருப்பது காற்று. அதனால் அலை பட்டால் அது காயப்படும். குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யும்போது முதுகின் மேல்பகுதியில் தெர்மோகோல் வைத்து மறைத்ததற்குக் காரணம் இதுவே. இன்றைய கருவிகளில் தொட்டி கிடையாது. நோயாளி மேசையில் படுத்துக்கொள்கிறார், நீர் நிரம்பிய ஒரு மெத்தை இடுப்பில் அழுந்துகிறது, நடுவே ஜெல். அந்த ஜெல்லில் காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொண்டாலே உடைக்கும் சக்தி குறைந்துவிடும்.

அலை கல்லை உடைக்கும் விதம் சுவாரசியமானது. கேரம் போர்டில் காய்களை ஒட்டி வரிசையாக வைத்து முதல் காயை அடித்தால் தெறிப்பது கடைசிக் காய்தானே? அதுபோல, கல்லுக்குள் புகுந்த அழுத்த அலை பின்பக்கச் சுவரை எட்டியதும் இழுவையாக மாறித் திரும்புகிறது. கல் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், இழுவையைத் தாங்காது. பின்பக்கம் பிளந்துபோகிறது. இது போதாதென்று, கல்லைச் சுற்றியுள்ள திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி, படாரென்று சுருங்கிக் கல்லின் மேற்பரப்பைக் கொத்துகின்றன. இப்படி இரண்டாயிரம், மூவாயிரம் அடிகள்.

‘சீக்கிரம் முடிச்சிடுங்க டாக்டர்’ என்று அவசரப்படுத்துவதில் லாபமில்லை. நிமிடத்துக்கு 120 அடியைவிட 60 அடியில் கல் நன்றாக உடைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வேகமாக அடித்தால், முந்தைய அடியின் குமிழிகள் கலையாமல் நின்று அடுத்த அலையை மறித்துவிடும்.

கருவியின் வேலை உடைப்பதுடன் சரி. வெளியேற்றுவது உடம்பின் பொறுப்பு. கல் தூள்தூளானாலும், தூள் சிறுநீர்க்குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். வழியில் நெரிசல் ஏற்பட்டால் விலாவில் தொடங்கி அடிவயிறு, ஆண்களுக்கு விதைப்பை வரை அந்தப் பழைய வலி திரும்பும். எனவே 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல், சிறுநீரகத்தின் கீழ்மூலையில் கிடக்கும் பெரிய கல், சிஸ்டீன் போன்ற இறுகிய கல் ஆகியவற்றுக்கு இது முதல் தேர்வல்ல. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் கொஞ்சம் கன்றிப்போகும். ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது சகஜம்.

இன்று மெல்லிய குழாய்க்கேமராவை உள்ளே செலுத்தி லேசரால் கல்லைப் பொடிக்கும் முறை இந்தக் கருவியின் செல்வாக்கைக் குறைத்துவிட்டது. ஒரே தடவையில் கல்லை முழுக்க அகற்றுவதில் லேசருக்கே சாதகம். ஆனாலும் உடம்புக்குள் எதையும் நுழைக்காமல் கல்லை உடைக்கும் வழி என்றால் இன்னும் பெரும்பாலும் இதுதான். நடுத்தர அளவில், அதிகம் இறுகாத கல் என்றால் முதலில் இதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அதிர்வலையின் பெயரைச் சொல்லி இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. சக்தி குறைந்த அலைகளால் ஆண்குறி விறைப்புக் குறைபாடு தீரும் என்று விளம்பரங்கள் வருகின்றன. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அது இன்னும் ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சையாகவே குறிப்பிடப்பட்டிருந்தது. பணம் கட்டுமுன் ஒருமுறை யோசிக்கலாம்.

மறுபடி சிறுநீரகக் கல்லுக்கு வருவோம். 5 மி.மீ.க்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். எப்படி வெளியேறினாலும் சரி, சில நாள் சிறுநீரைத் துணியிலோ, இதற்கென ஒதுக்கிய டீ வடிகட்டியிலோ வடித்து, விழும் துணுக்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். கல் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மறுபடி வருகிறது. அது எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் எதைக் குறைப்பது, எந்த மாத்திரை எடுப்பது என்று சொல்ல முடியும். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், மாத்திரையிலேயே கரைத்துவிடவும் வாய்ப்புண்டு.